"மார்க் எடு, மற்றது தானா வரும்" என்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் நான் கல்லூரிச் சேர்க்கைக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் விவரம்: "அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், கணினி அறிவியல் - கணிதப் பிரிவு. அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. இன்ஜினியரிங் படிக்க ஆசை. சார்களிடம் கேட்டால் மார்க் எடு, மற்றதெல்லாம் தானா வரும் என்கிறார்கள். சரியா?"

தம்பி, உன் சார்கள் சொன்னதில் முதல் பாதி சரி. மார்க் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் மற்றது தானாக வருவது, ஏற்கெனவே இரண்டு பேர் இன்ஜினியரிங் படித்திருக்கும் வீட்டில்தான். அங்கே ஒரு சித்தப்பாவோ பெரியம்மா மகனோ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுவார். உன் வீட்டில் அந்த ஆள் நீதான். அதனால் மார்க் எடுப்பதோடு மற்றதையும் நீயே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் விருதுநகர் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பிளஸ் டூ ரிசல்ட் வந்தது முதல் கவுன்சலிங் (ரேங்க் வரிசையில் கல்லூரி இடம் ஒதுக்கும் அரசுச் சேர்க்கை) முடியும் வரை பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்குக் கணக்கிடும் மார்க், 200க்கு 190க்கு மேல் வைத்திருந்த பையன், அவனைவிடக் குறைவாக எடுத்தவனுக்குக் கிடைத்த கல்லூரியைக்கூட வாங்க முடியாமல் போனதை அங்கே பார்த்திருக்கிறேன். விரும்பும் கல்லூரிகளைப் பட்டியல் போட்டதில் வந்த வினை அது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் மார்க்.

அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் வரும் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 2007ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்தே அப்படித்தான். பிளஸ் டூ மார்க் மட்டும்தான் கணக்கு: கணிதம் 100, இயற்பியலில் எடுத்ததில் பாதி, வேதியியலில் எடுத்ததில் பாதி, மொத்தம் 200. வேதியியல் வாத்தியார் நானே சொல்கிறேன், கணக்கில் விடும் ஒரு மார்க் என் பாடத்தில் விடும் இரண்டு மார்க்குக்குச் சமம். இயற்பியல், வேதியியல் இரண்டிலும் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 மார்க். அதை ஏறக்குறைய எல்லோருமே வாங்கிவிடுவார்கள். வித்தியாசம் வருவது 70 மார்க் எழுத்துத் தேர்வில்தான். அதில் 15 ஒரு மார்க் கேள்விகள். கணக்கில் 20. புக் பேக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கோட்டை விடுவது இந்த ஒரு மார்க்கில்தான், ஏனென்றால் பாடத்துக்கு உள்ளே இருந்தும் கேட்கிறார்கள். கைடைத் தூக்கிப் போடு என்று சொல்லமாட்டேன். பாடப்புத்தகத்தை வரி விடாமல் ஒரு தடவையாவது படித்துவிட்டு அப்புறம் கைடுக்குப் போ.

தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் சேராது என்று அலட்சியமாக இருக்காதே. ஒரே கட்-ஆஃபில் பலர் வரும்போது முதலில் கணித மார்க் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம். உனக்கு அது கணினி அறிவியல். அதிலும் சமம் என்றால் பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மார்க், பிறந்த தேதி என்று போகும். எல்லாமே சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண், அதாவது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகக் கொடுக்கும் எண். அந்த எண்ணை வெளியிடும் அன்று ஊரே ஏதோ லாட்டரி குலுக்கல் மாதிரி பதறும். பெரும்பாலானோருக்கு அது தேவையே படாது.

இன்னொன்று, பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாதே. கட்-ஆஃபுக்கு அது வேண்டாம் என்பதால் பல பள்ளிகள் இந்த ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிவிடுகின்றன. வகையிடலும் தொகையிடலும் உனக்கு அறிமுகமாவது பிளஸ் ஒன் கணக்கில். விசையும் இயக்கமும் பிளஸ் ஒன் இயற்பியலில். அது புரியாமல் 195 கட்-ஆஃபோடு உள்ளே போன பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துவிட்டு எனக்கு போன் செய்திருக்கிறார்கள். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வை எழுத நினைத்தால் அதில் ஏறக்குறைய பாதி கேள்வி பிளஸ் ஒன்னிலிருந்துதான் வரும்.

அந்த ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. பெரிய கோச்சிங் பணத்துக்கு வழியில்லை என்றால் கடன் வாங்கிப் போகாதே, ஆனால் தேர்வை எழுதிப் பார். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி என்றால் 65) அல்லது உன் போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் (நூறு பேரில் முதல் இருபது பேருக்குள்) வந்தால் தகுதி. ஆர்க்கிடெக்சர் என்றால் நாட்டா என்ற தனித் தேர்வு, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற தனி இணையதளம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் நுழைவுத் தேர்வு. இதில் எது உனக்கு வேண்டும் என்பதைப் பிளஸ் டூ காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிவு செய்தால் போதும். விண்ணப்பத் தேதிகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும்.

சரி, காகித வேலைக்கு வருவோம். எங்கள் லேபில் கண்ணீர் வருவதெல்லாம் இங்கேதான்.

இன்று மாலையே ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பெயரில் ஒரு எழுத்தாவது மாறுகிறதா? ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டு, மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல் மட்டும் இருக்கிறதா? அப்பா பெயரே இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கிறதா? இருந்தால் இப்போதே ஆதாரையோ சாதிச் சான்றிதழையோ மார்க் ஷீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி திருத்து. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியிலிருந்து நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியல் போகும். அதில் உன் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எப்படி இருக்கிறது என்று காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்குப் பேனாவை எடுத்தவுடன் கையெழுத்துப் போடாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படி. மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு திருத்துவதற்கு நடையாய் நடக்க வேண்டும்.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ். உன் வீட்டில் யாரும் பட்டம் வாங்காததால் உனக்கு அது உண்டு. அரசு கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் டியூஷன் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழும் அங்கேதான். ரிசல்ட் வந்த வாரத்தில் அந்த மையங்களில் நிற்க இடமிருக்காது. பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில் போய்விடு. ஜேஇஇ பக்கம் போகிறாய் என்றால், மத்திய அரசுக் கல்லூரிகள் நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை ஏற்காது. ஓபிசி சான்றிதழ் என்று தனியாக வாங்க வேண்டும். சேரும் ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக அது இருக்க வேண்டும்.

நீ ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா என்று கேள்வியில் இல்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை முழுக்க அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு இன்ஜினியரிங்குக்கும் வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. லாரி ஓட்டும் அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிகளில் படிப்புச் சான்று வாங்கி வை. எங்களைப் போன்ற உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதே ஏழைப் பிள்ளைகள்தான் எங்களிடமும் படிக்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதை விடு.

இப்போது பட்டியல். ரேங்க் வந்த பிறகு உன் சுற்று எப்போது என்று அறிவிப்பார்கள். அந்தச் சில நாட்களுக்குள் கல்லூரியும் பாடப்பிரிவுமாக உன் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும், அவர் பட்டியலை மேலிருந்து படிக்கும், காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். உன் முறை வரும்போது, உன் முதல் விருப்பம் காலியில்லை என்றால் இரண்டாவதைப் பார்க்கும். முதலில் பெரிய கல்லூரியைப் போட்டதற்காக உனக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

இது புரியாமல்தான் பிள்ளைகள் "கிடைக்கிறதை மேலே போடு" என்று யாரோ சொன்னதைக் கேட்கிறார்கள். மேலே போட்டது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அதையே கொடுத்துவிடும். கீழே நீ ஆசைப்பட்ட கல்லூரியிலும் இடம் இருந்தது என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம். நான் மேலே சொன்ன பையனுக்கு நடந்தது இதுதான். அவனுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தது ஒரு பிரவுசிங் சென்டர். ஆகவே ஆசை வரிசையில் போடு. கிண்டி (அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி) வேண்டும் என்றால் கிண்டியைத்தான் முதலில் போட வேண்டும், ரேங்க் என்னவாக இருந்தாலும். நடுவில் உன் ரேங்குக்கு ஒட்டிவரும் கல்லூரிகள். கடைசியில், கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று சொல்லக்கூடிய சில. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். இருபதோடு நிறுத்திவிட்டு எந்த இடமும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. அதேபோல, சேர மனமில்லாத கல்லூரியைச் சும்மா எண்ணிக்கைக்காகப் போடாதே. அது கிடைத்துவிடும்.

ஒட்டிவரும் கல்லூரி எது என்று கண்டுபிடிக்க முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப், அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்கும் ரேங்கும், இணையத்தில் கிடைக்கும். அதில் மார்க்கைவிட ரேங்கைப் பார். கேள்வித்தாள் எளிதான ஆண்டில் நூற்றுக்கு நூறு எடுப்பவர்கள் பெருகிவிடுவார்கள், அதே 190க்கு ரேங்க் பல ஆயிரம் கீழே இறங்கிவிடும். அத்துடன் உன் சாதிப் பிரிவுக்கான (பிசி, எம்பிசி போன்ற) நிரலை மட்டும் பார்த்துவிட்டு விடாதே. 31 சதவீதப் பொதுப்பிரிவு எல்லோருக்கும் பொது. அதில் உனக்கு வந்தால் அதுவும் உன் இடம்தான்.

கல்லூரியைப் பெயரால் தேடாதே, கவுன்சலிங் கோடு எண்ணால் தேடு. ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று கல்லூரி நடத்தும், பெயரில் ஒரு சொல்தான் மாறும். பட்டியலை முன்கூட்டியே ஒரு நோட்டில் கோடு எண்ணோடு எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். அந்த நோட்டைப் பிளஸ் டூவிலேயே தொடங்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதைப் பார். விளம்பரப் பலகையில் இருக்கும் சம்பள எண்களைவிட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். முடிந்தால் ஒரு வேலை நாளில் நேரில் போய், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் கேள். பாடம் நடத்த ஆள் இருக்கிறார்களா, லேப் திறக்கிறார்களா என்பதை அவர்கள் மறைக்கமாட்டார்கள்.

இடம் ஒதுக்கிய பிறகு ஏற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன், வேண்டாம் என்று சில வாய்ப்புகள் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், மேலே ஒன்று காலியாகும்போது நீ கேட்காமலே மாற்றிவிடுவார்கள், பழையது போய்விடும். அதனால்தான் ஆசை வரிசை என்று இவ்வளவு சொன்னேன். உறுதி செய்யவும் பணம் கட்டவும் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. பதிவில் கொடுக்கும் போன் நம்பர் உன் கையிலோ அம்மா கையிலோ இருக்கட்டும். வெளியூர் லோடில் இருக்கும் அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக அலையாதே.

கடைசியாக, ரிசல்ட் வந்த அன்றே உனக்கு போன்கள் வரும். "உங்க மார்க்குக்கு ஸ்காலர்ஷிப்போட சீட் இருக்கு தம்பி, ஒரிஜினலோட வாங்க" என்பார்கள். நம்பர் எங்கிருந்து போகிறதோ தெரியாது, போய்விடுகிறது. எங்கே சேர்வதாக இருந்தாலும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் கொடுத்துவிட்டு வாங்குவதற்குள் கவுன்சலிங் முடிந்துவிடும். கவுன்சலிங் முடியும் வரை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடு.