வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்களின் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகிறேன். என்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

சடங்கையெல்லாம் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் குறைவாக வந்திருக்கிறார்களோ, அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

என் தோழி கோயம்புத்தூர்ப் பெண், இந்து. மாப்பிள்ளை கோட்டயம் பக்கம், கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையைச் சேர்ந்த கத்தோலிக்கர். பெண் மதம் மாறவில்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டிக்கொள்ள பிஷப்பின் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வேண்டும், அது கிடைத்துவிட்டது. நாள் குறிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இவர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய 50 நாள் நோன்பும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய 25 நாள் நோன்பும் ஆகாது. கழித்துக் கழித்துப் பார்த்துத் தை மாதத்தில் வந்து நின்றார்கள். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மதச் சடங்கைத் திருச்சபை ஏற்பதில்லை. அதனால் கோவையில் நலங்கும் இலைச் சாப்பாடும் மட்டும், தாலி சர்ச்சில்.

சர்ச்சில் பெண் வீட்டு வரிசை பாதி காலி. பெரியப்பா குடும்பம் வரவே இல்லை. நாங்கள் நண்பர்கள் போய் அங்கே நிறைந்துகொண்டோம். பக்கத்தில் இருந்த அத்தை மெதுவாகக் கேட்டார்: "ஏனம்மிணி, தாலி கட்டுவாங்களா, மோதிரத்தோட சரியா?"

கட்டுவார்கள். அதற்கு மின்னு என்று பேர். இலை வடிவத்தில் சின்னத் தங்கத் தாலி, அதன்மேல் பொட்டுப் பொட்டாக 7 மணிகள் சிலுவை வடிவில். கோக்கிற நூல் கடையில் வாங்கியதல்ல. மாப்பிள்ளை வீட்டார் தரும் மந்திரகோடிச் சேலையிலிருந்து 7 இழை உருவித் திரித்தது. மாப்பிள்ளையே கழுத்தில் கட்டினார். பிறகு அந்தச் சேலையைப் பெண்ணின் தலைமேல் போர்த்தினார்கள். அத்தைக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கைப்பையிலிருந்து அட்சதைப் பொட்டலத்தை எடுத்து, "போடலாமா?" என்றார். வெளியே படிக்கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். போட்டார். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் கப்பியார் முறைத்தார், கூட்டப்போவது அவர்தானே.

மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. சர்ச் வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். முன்வரிசை எழுந்தால் எழுந்திருங்கள். முழங்காலிட வேண்டும் என்று கட்டாயமில்லை. திருப்பலிப் பூசையோடு நடக்கும் கல்யாணமானால், பாதிரியார் தரும் அப்பமான நற்கருணையை வாங்கும் வரிசையில் போய் நிற்காதீர்கள், அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். பட்டுப்புடவை எங்கேயும் செல்லும். விருந்தில் அப்பம், ஸ்டூ பக்கத்திலேயே பீஃப் இருக்கும். சைவக்காரர்களுக்குத் தனிக் கவுண்டர் போட்டிருப்பார்கள், பேசாமல் அங்கே போய்ச் சாப்பிடலாம். முகம் சுளிப்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

"யார் மதம் மாறினாங்க?", "பொறக்கப்போற குழந்தைக்கு என்ன பேர் வைப்பீங்க?" இந்த இரண்டையும் தயவுசெய்து கேட்காதீர்கள். வருஷக்கணக்கில் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவர்கள் மேடை வரைக்கும் வந்திருப்பார்கள்.

ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, வெறும் பதிவுத் திருமணம்தான் என்றால், பெரும்பாலும் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நடக்கும். 30 நாள் முன்னறிவிப்பு, 3 சாட்சிகளின் கையெழுத்து. வீட்டார் வரத் தயங்கினால் அந்த மூன்றில் ஒருவராக உங்களைக் கூப்பிடுவார்கள். ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு சீக்கிரமே போய்விடுங்கள்.