தெரியாத கோணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. மூணு கோணமும் சேர்ந்தா 180 டிகிரின்னு நல்லாவே தெரியும். ஆனா ஒரு பக்கத்தை நீட்டி வெளிய 110னு போட்டு, எதிர்மூலை ஒண்ணுல 45 போட்டு, மிச்ச மூலை என்னன்னு கேட்டா 25னு எழுதிடுறா. எப்படி புரிய வைக்கிறது?

பதில்: கழித்தல்ல தப்பே இல்லைங்க, ஆனா அந்த 110 முக்கோணத்துக்குள்ளயே இல்லையே, வெளிய இருக்கிறதை எப்படி அந்த 180ல சேர்க்கிறது? நீட்டின கோட்டுல 110ஐ ஒட்டி உள்ள இருக்கிறது 70, இப்ப 70ம் 45ம் போனா மிச்சம் 65. இதே மாதிரி நாலஞ்சு கணக்கு போடட்டும், 110லேர்ந்து 45ஐ கழிச்சாலே 65 வந்துடுதேன்னு ஒரு கட்டத்துல அவளே கண்டுபிடிச்சிடுவா. வெளிக்கோணம்னா உள்ளெதிர்க் கோணங்கள் (அதை ஒட்டாம உள்ள இருக்கிற மத்த ரெண்டு கோணம்) ரெண்டோட கூடுதல், அவ்வளவுதான், ஆனா அதை முதல்லயே மனப்பாட விதியா குடுத்துடாதீங்க ப்ளீஸ், கண்டுபிடிக்கிற சந்தோஷம் போயிடும். ஏன் அப்படி வருதுன்னு கேட்டா, நீட்டின மூலை வழியா எதிர்ப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. அந்த 110 ரெண்டு துண்டாகும், ஒரு துண்டு ஒன்றுவிட்ட கோணம், இன்னொண்ணு ஒத்த கோணம், ரெண்டும் உள்ள இருக்கிற அந்த ரெண்டு கோணங்களேதான். சுமார் 2300 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் தன்னோட ‘எலிமெண்ட்ஸ்’ நூலோட முதல் பாகத்துல 32வது தேற்றமா இதையும் 180ஐயும் சேர்த்தே, இந்த ஒரே கோட்டை வச்சு நிரூபிச்சிருக்கார்.

கேள்வி: இருசமபக்க முக்கோணத்துல ஒரு கோணம் 40, மத்தது என்ன? நான் 70, 70னு போட்டேன், ஃப்ரெண்டு 40, 100னு போட்டான். யார் சரி?

பதில்: ரெண்டு பேருமே சரி தம்பி. 40 உச்சியிலயா அடியிலயான்னு கேள்வியில சொல்லலை, அதனால ரெண்டு விடையையும் எழுதணும். குடுத்த கோணம் 90 இல்ல அதுக்கு மேலன்னா மட்டும் அது உச்சியிலதான் இருக்க முடியும், அடியில ரெண்டு வச்சா 180 அங்கயே தீர்ந்துடும்.

கேள்வி: உச்சி 20, அடி ரெண்டும் 80. அடியோட ரெண்டு முனையிலேர்ந்தும் எதிர்ப்பக்கத்துக்கு கோடு, ஒண்ணு அடியோட 60 டிகிரி, இன்னொண்ணு 50. கோடுகள் பக்கங்களைத் தொடுற ரெண்டு புள்ளியையும் சேர்த்தா, 60 டிகிரி கோட்டுக்கும் இந்த சேர்ப்புக் கோட்டுக்கும் நடுவுல என்ன கோணம்? எத்தனை சமன்பாடு எழுதினாலும் சுத்தி சுத்தி அதே இடத்துக்கே வருது.

பதில்: 1922ல லாங்லிங்கிற இங்கிலாந்து கணித ஆசிரியர் வெளியிட்ட ரொம்ப அழகான கணக்கு இது! 180, வெளிக்கோணம், குத்தெதிர்க் கோணம் மட்டும் வச்சு எழுதுற சமன்பாடுகள்ல கடைசி ஒண்ணு மட்டும் பிடிபடவே பிடிபடாது, ஏன்னா பக்கங்களோட நீளம் பத்தின தகவலை அந்த சமன்பாடுகள் முழுசா பிடிக்கிறதில்லை. அதனால படத்துல இல்லாத ஒரு கோட்டை நாமதான் போடணும். அடி பிசி (BC), உச்சி ஏ (A) அப்படின்னு வச்சுக்குங்க. பிலேர்ந்து 60 டிகிரி கோடு ஏசியை ஈல தொடுது, சிலேர்ந்து 50 டிகிரி கோடு ஏபியை எஃப்ல தொடுது. இப்ப பிலேர்ந்து அடியோட 20 டிகிரியில புதுசா ஒரு கோடு, அது ஏசியை ஜில தொடட்டும். பிசிஜி முக்கோணத்துல 20, 80, 80, அதனால பிஜி = பிசி. பிசிஎஃப்ல 80, 50, 50, அதனால பிஎஃப்பும் பிசிதான். பிஎஃப்புக்கும் பிஜிக்கும் நடுவுல 60, அப்போ பிஎஃப்ஜி சமபக்க முக்கோணம். பிஜிஈல பி, ஈ ரெண்டு இடத்துலயும் 40, அதனால ஜிஈயும் அதே நீளம்! இப்ப ஜிஈ = ஜிஎஃப், ஜில நடுவுல இருக்கிற கோணம் 180லேர்ந்து 80ம் 60ம் போக 40, அதனால ஈல மொத்தம் 70, அதுல 40 ஏற்கனவே பிஈ கோட்டுக்கு இந்தப் பக்கம் போயிடுச்சு, மிச்சம் 30. இன்னும் வேற கோடு போட்டும் இதே 30க்கு வரலாம், முயற்சி பண்ணிப் பாருங்க, ஆனா படத்தைப் பெருசா வரைஞ்சு சமமான நீளத்துக்கெல்லாம் ஒரே கலர் குடுங்க, சின்னப் படத்துல எதுவுமே தெரியாது.