மண்ணில் நீர் ஊறுவதைப் பார்க்க யார் சம்பளம் தருவார்கள்?

திருமங்கலத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

வேளாண் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் மகள் ஆய்வகத்தில் மண் நிரப்பிய உருளையில் நீர் ஊறுவதை அளப்பதே கதி என்று கிடக்கிறாள், எம்.டெக்கும் அதிலேயே படிப்பேன் என்கிறாள், இதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். ஆனால், எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறாள் என்று பார்க்க வேண்டும்.

உருளையிலிருந்து சொட்டும் நீரை அளந்து குறித்துவைக்க யாரும் பழகிவிடலாம். அந்த அளவிலிருந்து மண் நீரை எப்படிப் பிடித்துவைக்கிறது, எப்படிக் கடத்துகிறது என்று கணக்கிட்டு எடுப்பதில்தான் படிப்பு இருக்கிறது. அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வெளியேறும் நீரை அளக்கிறார்கள். பிறகு மண்ணில் நீர் நகர்வதைச் சொல்லும் ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்து, அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துவரும்வரை, மண்ணின் ஈரத்தையும் இழுவிசையையும் இணைத்து வான் கெனுக்டன் என்ற மண் அறிவியலாளர் 1980-இல் தந்த சூத்திரத்தின் எண்களைத் திருத்திக்கொண்டே போகிறார்கள். வெளியேறிய நீரை மட்டும் நம்பினால், வெவ்வேறு எண்கள் ஒரே மாதிரிப் பொருந்தி ஆளை ஏமாற்றிவிடும். "டென்சியோமீட்டர் வைத்து, மண் நீரைப் பிடித்து இழுக்கும் விசையையும் அளந்தாயா?" என்று மகளிடம் கேளுங்கள். ஏன் அளக்க வேண்டும் என்று அவள் விளக்கினால் பாதிக் கவலையை விடலாம்.

உங்கள் ஊர்க் கரிசல் இந்த வேலையில் பொல்லாத மண். காய்ந்தால் சுருங்கி உருளையின் சுவரை விட்டு விலகும்; ஊற்றிய நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். களிமண்ணான கரிசல், மணலைப் போல நீரைக் கடத்துவதாகக் கணக்கு வரும். ஓரத்தை, நனைந்தால் உப்பும் பெண்டோனைட் களிமண் கொண்டு அடைக்கவும், காற்று அடைபடாமல் மாதிரியை அடியிலிருந்து மெல்ல நனைக்கவும் பொறுமை வேண்டும். அது அவளிடம் இருப்பதாகவே உங்கள் கடிதம் சொல்கிறது, நீங்கள் குறையாக எழுதியிருந்தாலும்.

வேலைக்கு வருவோம். டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் ஆகலாம். அறிவிப்பு வரும் காலம் நம் கையில் இல்லை. சொட்டுநீர்ப் பாசன நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. ஆராய்ச்சி என்றால் ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். எம்.டெக்கிற்கு கேட் தேர்வில் வேளாண் பொறியியல் தாள் எழுதட்டும். தகுதி பெற்றுச் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் நில, நீர்வளப் பொறியியலே தனிப் பிரிவு.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். மேலே சொன்ன கணக்கைப் போடும் ஹைட்ரஸ்-1டி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தன் ஆய்வக அளவுகளை அதில் இட்டு, விடையைத் தானே அலசிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கு கசந்தால், எம்.டெக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கட்டும்.