செங்காது ஆமைக்கு என்ன கொடுக்கலாம்? – கேள்வி பதில்

மீன் தொட்டிக் கடைகளில் குஞ்சாக வாங்கப்படும் செங்காது ஆமையின் உணவு குறித்து, அதை வளர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: காய்ந்த இறால் டப்பா மட்டுமே போதும் என்று கடைக்காரர் சொன்னார். சரிதானா?

பதில்: சரியல்ல. நான் மிகவும் வருந்தும் தவறு இதுதான். மாதக்கணக்கில் காய்ந்த இறாலையே தின்னும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கிக்கொள்ளும். கண்ணால் பார்த்தே இரையைத் தேடும் உயிர் என்பதால், கண் திறக்க முடியாத நிலையில் அது உண்பதையும் நிறுத்திவிடும். ஆமைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட குருணை உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இறாலை எப்போதாவது ஒருமுறை கொடுங்கள். இமை ஏற்கெனவே வீங்கியிருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் மிகுந்தாலும் நஞ்சாகும் என்பதால் நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு, எத்தனை முறை கொடுக்க வேண்டும்?

பதில்: குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குருணை போதும். கழுத்தை நீக்கி அதன் தலை எவ்வளவு பெரிதோ, அவ்வளவே ஒரு வேளைக்கான அளவு. உங்களைக் கண்டதும் கண்ணாடியை முட்டி நீந்துவதைப் பசி என்று எண்ணி மேலும் போடாதீர்கள். உணவு தருபவரை அது அடையாளம் கண்டுகொண்டது என்பதே அதன் பொருள்.

கேள்வி: எந்தக் கீரை நல்லது? வீட்டில் அரைக்கீரையும் பாலக்கும்தான் வாங்குகிறோம்.

பதில்: குஞ்சுப் பருவத்தில் பெரும்பாலும் புழு பூச்சிகளைத் தின்னும் இந்த ஆமை, வளர வளரத் தாவர உணவுக்கு மாறுகிறது, ஆகவே வளர்ந்த ஆமைக்குப் பச்சிலையே பெரும்பங்காக இருக்க வேண்டும். அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பசலை ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது என்பதால் அன்றாட உணவாக இவை வேண்டாம். செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலையும் மருந்து தெளிக்காதவையாகக் கிடைத்தால் அவற்றைவிடச் சிறந்தவை. துருவிய கேரட்டையும் பரங்கிக்காயையும் வைட்டமின் ஏ-க்காக அவ்வப்போது சேர்க்கலாம். ஆகாயத்தாமரையையும் விரும்பித் தின்னும். ஆனால் கழிவுநீர் கலந்த ஏரியில் வளர்ந்தது உலோக நச்சுகளை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், அங்கிருந்து ஒரு செடியைக்கூட எடுத்து வராதீர்கள்.

கேள்வி: இலையைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பதில்: குருணை கொடுக்காத நாளில் காலையிலேயே இலையை மிதக்கவிட்டு மாலை வரை விட்டுவையுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகலாம். இடையில் இரக்கப்பட்டு இறாலைப் போட்டால் அது இறாலுக்கே காத்திருக்கும்.

கேள்வி: வெளியே எடுத்து ஊட்டினால் விழுங்குவதில்லையே?

பதில்: உணவை உள்ளே தள்ளும்படி அதன் நாக்கு அசையாது. அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரிலேயே போடுங்கள்.

கேள்வி: கோழிக்கறியும் சோறும் கொடுக்கலாமா?

பதில்: சோறு வேண்டாம். எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பன்மடங்கு அதிகம் என்பதால், அதுவும் வழக்கமான உணவாகாது.

கேள்வி: ஓடு மெத்தென்று இருக்கிறது. கால்சியம் போதவில்லையா?

பதில்: கால்சியம் மட்டும் காரணமாக இருக்காது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவானால்தான், உண்ட கால்சியம் ஓட்டுக்கும் எலும்புக்கும் போய்ச்சேரும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. உடல் முழுதும் காயும்படி ஏறி அமர ஒரு மேடையும், அதற்கு மேலே புற ஊதா பி விளக்கும் அமைத்து, நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஓடு ஏற்கெனவே மெத்தென்று ஆகிவிட்டதால், இவற்றோடு நிற்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.