குய்ரா மேட்டுக்கு எந்த சைடு பை சைடு வாங்கலாம்?

தம்பி, ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் ஆர்மிடேலில் வேலை கிடைத்து, கையோடு குய்ரா பக்கம் 60 ஏக்கரும் வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் எங்கள் வீட்டுக்காரர், ‘நமக்குத் துணையா இன்னொரு கிறுக்கன் வந்துட்டான்’ என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் வாயில் அது பாராட்டு. நாங்கள் யூரல்லா பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள்.

நீங்கள் கேட்டது மூன்று. சரிவும் பாறையும் ஓடையுமாக இருக்கிற நிலத்துக்கு எந்த சைடு பை சைடை (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் சின்னப் பண்ணை வண்டி) நம்பி வாங்கலாம், விளம்பரத்தில் பார்த்த 2016 மாடல் பழைய வண்டி சரிப்படுமா, பதினோரு வயது மகள் அதை ஓட்டலாமா. மூன்றாவதற்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. மற்றவற்றைச் சாவகாசமாகப் பார்ப்போம்.

உங்களுக்கு அது நிஜமாகவே வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள். நிலம் சமமாக இருந்தால், ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் யூட்டே (பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டி) போதும் என்றிருப்பேன். வேலி பார்க்கலாம், வைக்கோல் கட்டு ஏற்றலாம், பதிவு இருந்தால் அதிலேயே டவுனுக்குப் போய்ச் சாமானும் வாங்கி வரலாம். சைடு பை சைடில் டவுனுக்குப் போக முடியாது. உங்கள் நிலத்தை ரோடு இரண்டாகப் பிரிக்கிறது என்றால், அதைக் கடப்பதற்கே நிபந்தனைப் பதிவு என்று ஒன்று எடுக்க வேண்டியிருக்கும், மாநில அரசின் சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ. அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நடுவில் சதுப்பு, கீழே ஓடை, மேலே வீடு உயரத்துக்குப் பாறைகள். மழை பெய்த மறுநாள் யூட் அந்தச் சதுப்பில் உட்கார்ந்துவிடும். அதனால் உங்களுக்கு அது தேவை என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கம்பக்கத்தார் ‘குவாட் பைக் (கூண்டு இல்லாத நாலு சக்கர பைக்) போதும், விலையும் கம்மி’ என்பார்கள். கேட்காதீர்கள். குவாட் சரிவில் உருண்டால் ஓட்டியவர் மேலேயே விழும், அடியில் சிக்கியவர் மூச்சு விட முடியாமல் போய்விடுவார். அப்படிப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்ல என்பதால்தான் 2019-ல் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். 11 அக்டோபர் 2021 முதல், பண்ணை வேலைக்கான புது குவாட் எதையும் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் பொருத்தாமல் விற்கக் கூடாது. ஹோண்டா, யமஹா, போலாரிஸ் மூன்றும் அதற்கு உடன்படாமல் அப்போது இங்கே பண்ணைக் குவாட் விற்பதையே நிறுத்திக்கொண்டன. பண்ணைகளில் இப்போது எங்கே பார்த்தாலும் சைடு பை சைடாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

சரி, எந்தக் கம்பெனி? எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதுதான். எந்த டீலர் என்பதுதான் முதல் கேள்வி. பெரிய டவுனான டாம்வொர்த் உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வண்டி கெட்டுப்போனால் அதை ஓட்டிக்கொண்டு போக முடியாது, ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும், அந்த ட்ரெய்லர் உங்களிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் குய்ராவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எந்தெந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். சனிக்கிழமை ஷோரூமுக்குப் போய் விற்பனையாளர் பேச்சைக் கேட்பதைவிட, வேலை நாளில் பார்ட்ஸ் கவுன்டரில் போய் நில்லுங்கள். ‘இந்த மாடலுக்கு ஏர் ஃபில்டர், டிரைவ் பெல்ட், முன் சக்கர பேரிங், பிரேக் பேட் கையில் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். எழுந்து போய் எடுத்துவந்து காட்டினால் நல்லது. ‘ஆர்டர் போட்டால் வந்துவிடும்’ என்றால், எத்தனை நாளில் என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் உதிரிக்காக மூன்று வாரம் கொட்டகையில் நின்றால் நமக்கு அது நல்ல வண்டி இல்லை. வீட்டுவேலி கடந்த கன்றுக்குட்டி மூன்று வாரம் காத்திருக்காது.

இப்போது கம்பெனிக்கு வருவோம். குதிரைத் திறனைப் பார்க்காதீர்கள். என்ஜின் அவ்வளவு சீக்கிரம் யாரையும் கைவிடுவதில்லை. தொல்லை கொடுப்பது, என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பகுதி. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை நம் ஊர் ஸ்கூட்டி, ஆக்டிவா போலப் பெல்ட்டில் ஓடுகிறவை. ரப்பர் பெல்ட் ஒன்று இரண்டு புல்லிகளுக்கு நடுவில் ஏறி இறங்கி கியர் வேலையைச் செய்யும். போலாரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், கவாசாகி மியூல், ஜான் டியர் கேட்டர், சிஎஃப்மோட்டோ யூஃபோர்ஸ் எல்லாம் இந்த ரகம். பெல்ட் என்றாலே மட்டம் என்று இல்லை. வேகமாகப் போகும், குலுங்காது, பெல்ட்டை மாற்றக் கற்றுக்கொண்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் பாரம் ஏற்றிக்கொண்டு, மேட்டில், ஹை கியரிலேயே ஊர்ந்து ஏறினால் பெல்ட் வழுக்கிச் சூடாகிவிடும். கருகிய ரப்பர் வாசம் வந்தால் அதன் ஆயுளில் ஒரு துண்டு போயிற்று என்று அர்த்தம். பாரம் இருந்தால் லோ கியர், மெதுவாகப் போனால் லோ கியர். பெல்ட் போச்சு என்று புலம்புகிற பாதிப்பேர் அந்த லோ கியரைத் தொடாதவர்கள்தான்.

குபோட்டாவின் டீசல் ஆர்டிவி வேறு வழி. அதில் பெல்ட் கிடையாது, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாடிக். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இறங்கும். உங்கள் ஓடைப் பக்கத்து இறக்கத்தில் இது பெரிய நிம்மதி. குறைகளும் உண்டு: சத்தம், கனம், கொஞ்சம் கட்டையான சவாரி, வேகம் 40, 45-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஒன்று கவனியுங்கள், குபோட்டாவின் பெட்ரோல் சைடுகிக் பெல்ட் வண்டிதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹோண்டா பயனியரிலும் பெல்ட் இல்லை. பயனியர் 700-ல் கார் போல டார்க் கன்வெர்ட்டரும் கியர்களும், பயனியர் 1000-ல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். யமஹா பெல்ட்தான் என்றாலும், பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும் அமைப்பு இருப்பதால் இறக்கத்தில் என்ஜின் பிரேக் நன்றாகக் கிடைக்கும். மற்ற பெல்ட் வண்டிகளில் சில, வேகம் குறைந்ததும் என்ஜினோடு தொடர்பு அறுந்து சும்மா உருள ஆரம்பிக்கும். வாங்கும் முன் ஒரு சரிவில் இறக்கிப் பாருங்கள். டீலர் முற்றத்தில் தட்டையாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

என் கையில் காசைக் கொடுத்து உங்கள் நிலத்துக்கு வாங்கச் சொன்னால், பக்கத்தில் சர்வீஸ் இருக்கும் பட்சத்தில் பயனியர் 700 அல்லது குபோட்டா டீசல். வேலை அதிகம், டிராக்டருக்கும் டீசல் வைத்திருக்கிறீர்கள் என்றால் குபோட்டா. வெறும் வேலி, மாடு, மருந்து அடிப்பது என்றால் ஹோண்டா. டீசல் எடுத்தால் ஒரு விஷயம்: குய்ரா கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம். கோடையில் வாங்கி டிரம்மில் வைத்த டீசல் ஜூலை உறைபனியில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். குளிர் தொடங்கியதும் புதிதாக வாங்குங்கள். புது வண்டியின் விலை சுமார் 15,000 டாலரில் தொடங்கி 30,000-ஐத் தாண்டும். அவசரம் இல்லையென்றால் ஆகஸ்டில் கன்னிடா (Gunnedah) ஊரில் நடக்கும் அக்குவிப் (AgQuip) விவசாயக் கண்காட்சிக்குப் போங்கள்; எல்லாக் கம்பெனியையும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம், பேரமும் கொஞ்சம் படியும்.

பாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் மொத்தச் சுமையில் நீங்களும் சேர்த்திதான். 200 லிட்டர் மருந்துத் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. பம்பு, தொட்டி, இரண்டு ஆள், நாய் என்று கூட்டிக்கொண்டே போனால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி பொல்லாதது. சரிவில் குறுக்கே போகும்போது தண்ணீர் முழுவதும் தாழ்வான பக்கம் சாய்ந்து வண்டியையும் கூடவே இழுக்கும். உள்ளே தடுப்புகள் உள்ள, உயரம் குறைந்த தொட்டியாக வாங்குங்கள். சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள்.

இப்போது மகள் விஷயம். இந்த வண்டிகளை ஓட்டக் குறைந்தபட்சம் 16 வயது என்று கம்பெனிகளே வண்டியில் ஒட்டி வைத்திருக்கின்றன. பக்கத்தில் உட்கார வயதைவிட உடம்பு அளவு முக்கியம்: முதுகு சீட்டில் சாய்ந்திருக்கும்போது பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். சீட் பெல்ட் எல்லோருக்கும் கட்டாயம். வண்டி உருளும்போது காப்பாற்றுவது மேலே இருக்கிற இரும்புக் கூண்டு. பெல்ட் போடாதவர் வெளியே விழுவார், அந்தக் கூண்டே அவர் மேல் விழும். பெல்ட் மாட்டாவிட்டால் சில வண்டிகள் 25 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. அதை ஏமாற்ற, ஆள் உட்காரும் முன்பே முதுகுக்குப் பின்னால் பெல்ட்டை மாட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். நீங்கள் அவர்களிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அந்த 2016 மாடல். படத்தைப் பார்த்தால் அது ஸ்போர்ட் ரகம். மணல்மேட்டில் பறப்பதற்கென்று செய்தது. பின்னால் தொட்டி வைக்க இடமே இல்லை. அந்த ரகம் பெரும்பாலும் அடித்து ஓட்டப்பட்டதாகத்தான் இருக்கும். குறை இருக்கிறது என்று கம்பெனியே அந்த மாடலைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 2016-ல் போலாரிஸ் தன் ஆர்இசட்ஆர் 900, 1000 வண்டிகளில் சுமார் 1,33,000-ஐத் தீப்பிடிக்கும் ஆபத்து என்று திரும்ப அழைத்தது. குறையை உடனே தெரிவிக்கவில்லை என்று 2018-ல் 2.725 கோடி டாலர் அபராதமும் கட்டியது. உங்கள் விளம்பர வண்டி வேறு கம்பெனி என்றாலும் சேஸிஸ் எண்ணை வாங்கி டீலரிடம் கேட்டுவிடுவது நல்லது. என் யோசனை, அதை விட்டுவிட்டு வேலை ரகத்தில் ஒரு பழைய வண்டி தேடுங்கள்.

பார்க்கப் போகும்போது, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மீட்டரில் கிலோமீட்டரைவிட மணிக்கணக்கைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அந்தப்பக்கம் என்ஜினுக்குப் போகிற குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் புழுதி ஒட்டினால், என்ஜின் அதைத் தின்றிருக்கிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த நிறம் தெரிந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்டும் தங்கள் கதையைச் சொல்லும். அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா, சீட்டுக்கு அடியில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடித்தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் காய்ந்த புல் அடைந்திருந்தால், அவர் வண்டியைக் கவனித்த லட்சணம் அதிலேயே தெரியும். நீங்கள் வாங்கிய பிறகும் கோடையில் அந்த இடத்தை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், பல வண்டித் தீ அங்கேதான் பிறக்கிறது.

பணம் கொடுக்கும் முன் பிபிஎஸ்ஆர் (PPSR) என்ற அரசுக் கடன் பதிவேட்டுத் தளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2 டாலர்தான் ஆகும். வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் அங்கே தெரிந்துவிடும். தெரியாமல் வாங்கினால் கடன்காரர் வந்து தூக்கிக்கொண்டு போகலாம். தனியாரிடம் வாங்கினால் டீலர் கொடுக்கிற தர உத்தரவாதமும் சட்டப்படி கிடைக்காது, நினைவிருக்கட்டும்.

படிந்து வாங்கிவிட்டீர்கள் என்றால், ட்ரெய்லரிலிருந்து உங்கள் நிலத்தில் இறக்குவதற்கு முன் அடிப்பாகம், சக்கர வளைவு எல்லாவற்றையும் டவுனிலேயே பிரஷர் தண்ணீரில் அடித்துக் கழுவிவிடுங்கள். சிலியன் நீடில் கிராஸ் என்று ஒரு பாழாய்ப்போன புல் இந்தப் பக்கத்தில் பரவிக்கொண்டிருக்கிறது. அதன் விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு வந்து ஒருமுறை மண்ணில் இறங்கினால், அப்புறம் நீங்கள் அந்த மருந்துத் தொட்டியை வருஷா வருஷம் நிரப்ப வேண்டியதுதான்.