பழைய டிரைக் வாங்கியிருக்கிறேன். முதன்முறை பறக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நானும் ஒருவர் ஓட்டிய டிரைக்கைத்தான் வாங்கி, திருமங்கலத்துக்குத் தெற்கே நண்பரின் நெல் கிடங்கில் இறக்கினேன். துணி இறக்கை, அதன் கீழே தொங்கும் மூன்று சக்கர இருக்கை, முதுகுக்குப் பின்னால் ரோட்டாக்ஸ் 582 எஞ்சின். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதியும் உரிமமும் கைக்கு வரும்வரை சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது. அந்தக் காத்திருப்பில் இறக்கையைக் கவனியுங்கள். எல்லோரும் முதலில் எஞ்சினிடம்தான் ஓடுகிறார்கள். உங்கள் உயிரைத் தாங்குவது இறக்கை.

இறக்கையையும் வண்டியையும் இணைப்பது ஒற்றை போல்ட். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வயதை யாராலும் சொல்ல முடியவில்லை. புதிது வரவழைத்து மாட்டினேன். போல்ட் முறிந்தால் வண்டியைத் தாங்கும் துணைப் பட்டையையும் மாற்றினேன். எரிபொருள் குழாய்களும் புதியவையாக இருக்கட்டும். இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். எஞ்சின் எண்ணெயைப் பெட்ரோலில் கையால் கலக்கும் வகை என்றால் 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி.

விமானம் ஓட்டிப் பழகியவர் என்றால் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: இங்கே எல்லாம் தலைகீழ். இறக்கையிலிருந்து கைக்கு எட்டும்படி வரும் கட்டுப்பாட்டுக் கம்பியை மார்புப் பக்கம் இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும். இடப்பக்கம் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். தரையில் ஓடும்போது வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் போகும். இதைக் கை தானாகச் செய்யும்வரை பயிற்றுநருடன் பறப்பதைத் தவிர வேறு வழியில்லை. பயத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும்.

ஆடிக் காற்றில் சோதனை வேண்டவே வேண்டாம். நான் தை மாதத்தில், விடிந்த அரை மணியில் ஏறினேன். ஒன்பது மணிக்கு மேல் கரிசல் காடு சூடேறிக் காற்றை மேலே தள்ளத் தொடங்கிவிடும். அறுவடை முடிந்த தாள் வயல்களும் தை மாதத்தில் கீழே இருக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எண்ணி, இறங்க ஒரு வயலைக் கண்ணில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும்.

1,500 அடியில் கம்பியைத் தளர விட்டேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. எஞ்சினின் முழு விசையில் மட்டும் சாய்ந்தால் அது எஞ்சின் சுழற்றும் விசிறியின் முறுக்கு. விசையைக் குறைத்தும் சாய்வு நிற்கவில்லை. அப்படியென்றால் கோளாறு இறக்கையில்தான். இறங்கியதும், துணிக்கு வளைவு தரும் அலுமினியக் குச்சிகளான பேட்டன்களை ஒவ்வொன்றாக உருவி, சிமெண்ட் தரையில் விரித்த அளவுப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்து நான்காவது பேட்டன் கோட்டுக்கு ஒரு விரல் கீழே கிடந்தது. வளைவு குறைந்த பக்கம் தூக்கும் விசையும் குறைவு. "எல்லாம் சரிபார்த்தது" என்று விற்றவர் சொன்னதை நம்பி, அளக்காமல் ஏறியது என் தவறு. நீங்கள் முதல் நாளே அளந்துவிடுங்கள்.

முழங்காலில் வைத்து மெல்ல வளைத்து, கோட்டோடு பொருந்தும்வரை திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். மறுநாள் விடியலில் அதே உயரத்தில், சதுரகிரியை நேர் எதிரே வைத்துக் கையை எடுத்தேன். மலை இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை.