முதல் பேல் ஏல்: கேட்டவர்களுக்குப் பதில்

பெங்களூரு இந்திராநகர் பப் ஒன்றில் போன சனிக்கிழமை குடித்த பேல் ஏல், அதாவது ஏல் வகை பீர் ஒன்று, பற்றிச் சொன்னதும் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் எப்போதும் பாட்டில் லாகர் பீர்தான். பேல் ஏல் ரொம்பக் கசக்குமா?

கசக்கும், ஆனால் பாகற்காய் மாதிரி இல்லை. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட் இனிப்பு கூடவே வருவதால் கசப்பு தனியாக நிற்காது, நல்ல காபியில் டிகாக்‌ஷன் கசப்பை நாம் தேடித்தானே குடிக்கிறோம், அதுபோலத்தான். லாகர் குளிரில், 10 டிகிரி பக்கத்தில், வாரக்கணக்கில் நிதானமாகப் புளிக்கும். ஏல் 20 டிகிரி வாக்கில் சில நாளிலேயே புளித்துவிடும், அதில் லேசாகப் பழவாசனையும் சேரும். ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதம்தான். கடையில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரைவிடக் குறைவு.

கேள்வி: சாத்துக்குடித் தோல் வாசனை வந்தது. ஜூஸ் கலக்கிறார்களா சார்?

பெரும்பாலும் இல்லை, அது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவில் இருக்கும் எண்ணெய். அமெரிக்காவில் 1972இல் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம்தான் இந்த வாசனையைப் பிரபலமாக்கியது. 1980இல் பீர் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா நிறுவனத்தின் பேல் ஏலில் முக்கியமானதே அதுதான். மால்ட் சாறு கொதி தொடங்கும்போதே ஹாப்ஸைப் போட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும் நேரத்தில் கொத்தமல்லி தூவுகிறோமே, அப்படிக் கடைசியில் போட்டால்தான் வாசனை தங்கும். சிலர் ஆறிய பிறகு, புளிக்கும் தொட்டியிலும் போடுவார்கள்.

கேள்வி: எப்படி ருசி பார்ப்பது?

முதலில் சின்ன கிளாஸில் சாம்பிள் கேளுங்கள், நம்ம பெங்களூரு மைக்ரோபிரூவரிகளில் (அங்கேயே பீர் காய்ச்சும் பப்கள்) முகம் சுளிக்காமல் தருவார்கள். மசாலாக் கடலையைத் தள்ளி வையுங்கள். கிளாஸை லேசாகச் சுழற்றி, நுரை அடங்குவதற்குள் முகர்ந்து பாருங்கள், பாதி ருசி அங்கேயே இருக்கிறது. முதல் வாய் நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள், கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுசாகத் தெரியும். அப்புறம் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். ஐஸ் மாதிரி இருக்கும்போது நாக்கு மரத்துப்போகும், 8, 10 டிகிரிக்கு வந்ததும் அதே பீர் வேறு மாதிரி பேசும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: கலங்கலாக இருந்தது. கெட்டுப்போனதா?

இல்லை. வடிகட்டாத பீர் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: சைட் டிஷ் என்ன வாங்கலாம்?

சிக்கன் நெய் ரோஸ்ட் வேண்டாம், கசப்பும் மிளகாயும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். மீன் ரவா ஃபிரை அருமையாகச் சேரும்.

கேள்வி: ஒரு இடத்தில் வெண்ணெய் வாசனை அடித்தது, அது சரியா?

பேல் ஏலில் அது தப்பு. டையசெட்டைல் என்பார்கள், பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பீரை எடுத்துவிட்டாலும் வரும், பீர் வரும் குழாய் சுத்தமாக இல்லாவிட்டாலும் வரும். எனக்கும் ஒரு பப்பில் நடந்தது. கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன், உடனே வேறு கிளாஸ் கொண்டுவந்தார்கள். தயங்காமல் சொல்லுங்கள்.